வென்ற பிறகும் கை நழுவுவது ஏன்? 1986, 2021 தோட்டப் போராட்டங்களை வைத்து ஒரு விவாதம்

டிம்புள்ளக்காரி (தொடக்கப் பதிவு)

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நடந்த எந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "ஒற்றுமை இல்லை, அதனால் தோற்றோம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த விளக்கம் போதாது. ஒற்றுமை இருந்தும் தோற்றவை உண்டு, பிளவோடு வென்றவையும் உண்டு. இரண்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, குடியுரிமை கேட்டு நடந்த 1986 பிரார்த்தனை இயக்கம். தைப்பொங்கலன்று தொடங்கி மூன்று மாதத்துக்குக் காலையில் பிரார்த்தனை, மதியத்துக்குப் பிறகுதான் வேலை என்று அறிவித்தார்கள். மூன்று மாதம் போகத் தேவைப்படவில்லை. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் 5ஆம் இலக்கச் சட்டம் அந்த வருடமே வந்தது. 1988இல் 39ஆம் இலக்கச் சட்டம், மிச்சம் இருந்தவர்களுக்கு 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம். கிடைத்ததை யாரும் திருப்பி எடுக்கவில்லை.

மற்றது ஆயிரம் ரூபா நாள்கூலிக் கோரிக்கை. 2018 ஒக்டோபரில் இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். டிசம்பரில் வேலைநிறுத்தம். 2019 ஜனவரிக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை 500இலிருந்து 700 ஆனது, மேலே 50 ரூபா தேயிலை விலைப் பங்கு. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை (குறைந்தபட்சக் கூலியை விதிக்கும் அரச சபை) வழியாக 900 அடிப்படை + 100 கொடுப்பனவு என்று ஆயிரம் வர்த்தமானியில் (அரசிதழில்) ஏறியது. கம்பனிகள் நீதிமன்றம் போயும் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. காகிதத்தில் முழு வெற்றி. பல தோட்டங்களில் சம்பளத் துண்டில் மட்டும் அது தெரியவில்லை.

ஏன்? உணர்ச்சிப் பேச்சு வேண்டாம். கணக்கும் காரணமும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

செக்ரோல்

அக்கா, கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

700 ரூபா நாள்கூலிக்கு ஒரு நாளில் 18 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்றால் கிலோவுக்கு 38 ரூபா 89 சதம். 1000 ரூபாவுக்கும் அதே 18 கிலோ என்றால் 55 ரூபா 56 சதம். 18ஐ 22 ஆக்கினால் 45 ரூபா 45 சதம். நாள்கூலி 43 வீதம் கூடியது. பறிக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் கூடியது 17 வீதம்தான். 22ஐ எட்டாத நாளுக்கு அரைப்பேர் (அரை நாள் கூலி) அல்லது கிலோக் காசு (பறித்த கிலோவுக்கு மட்டும் காசு) என்றால் அந்த 17 வீதமும் போச்சு.

அடுத்தது நாட்கள். முன்பு 750 ரூபா வீதம் 25 நாள் = 18,750. 2021க்குப் பிறகு 1000 ரூபா வீதம் 18 நாள் = 18,000. வேலை நாளைக் குறைத்தாலே கூலி உயர்வு முழுவதும் கரைந்துவிடும். அதில் ஆயிரம் ரூபா வர்த்தமானி மீறப்படுவதில்லை.

மாதச் சம்பளத்துக்கு மூன்று குழாய்கள்: நாள்கூலி, கிலோ அளவு, வேலை நாள். நாம் முழுப் பலத்தையும் போட்டுத் திறந்தது ஒன்றை. மற்ற இரண்டும் துரையின் (தோட்ட நிர்வாகியின்) கையில்தான் இருந்தன. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கூலி சம்பள நிர்ணய சபைக்குப் போனதும் கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனது. நிர்ணய சபை முக்கியமாக விதிப்பது குறைந்தபட்சக் கூலியை. எத்தனை நாள் வேலை, கிலோ அளவை யார் முடிவு செய்வது என்பதெல்லாம் ஒப்பந்தம் தாங்கி நின்ற விஷயங்கள். அந்தத் தூண் விழுந்ததைப் பற்றி ஆயிரம் ரூபாவைக் கொண்டாடிய மேடைகளில் பேச்சே இல்லை.

குடியுரிமைச் சான்றிதழில் இந்த விளையாட்டு நடக்காது. இருக்கிறது அல்லது இல்லை. பாதி தந்து பாதியை மறைக்க முடியாத கோரிக்கை நிலைக்கிறது. மூன்று இடத்தில் பிரித்து வைக்கக்கூடிய கோரிக்கையை மூன்று இடத்திலும் பூட்ட வேண்டும்.

---

கவ்வாத்து

கோரிக்கையைப் பற்றி நல்ல பதில். ஆனால் 1986இல் அரசாங்கம் ஏன் அவ்வளவு விரைவில் இறங்கியது என்பதற்குச் செடியைப் பார்க்க வேண்டும்.

சாதாரணக் காலத்தில் ஒரு மலைக்கு ஏழு நாளுக்கு ஒரு ரவுண்டு (கொழுந்து எடுக்கும் சுற்று). மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கும்போது ஐந்து, ஆறு நாள். வரட்சியில் பத்துப் பன்னிரண்டு நாள் வரை இழுக்கலாம். ஒரு ரவுண்டு தவறினால் தரம் போகும், ஆனாலும் இலையை எடுத்துவிடலாம். இரண்டு ரவுண்டு தவறினால் முற்றிப்போகும். உடைத்துக் கொட்டி, மட்டத்தைச் சரிசெய்து, திரும்பப் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். தொழிற்சாலையிலும் பச்சை இலை காத்திருக்காது. வாட்டும் தட்டில் அரை நாளுக்கு மேல் கொஞ்சம்தான் தாங்கும், பிறகு சூடேறிச் சிவந்துவிடும். அதனால் தேயிலையில் வேலைநிறுத்தத்தின் கடிகாரம் பத்திலிருந்து பதினைந்து நாள். அதற்குள் முதலாளிக்கு வலி உச்சத்துக்குப் போகிறது.

தொழிலாளியின் கடிகாரம் வேறு. சம்பளம் 10ஆம் திகதி. மாதத் தொடக்கத்தில் வேலையை நிறுத்தினால் அந்தப் 10ஆம் திகதி போன மாதச் சம்பளம் கைக்கு வரும், அடி விழுவது அடுத்த மாதம் 10இல். மாதக் கடைசியில் நிறுத்தினால் கையில் காசே இல்லாமல் தொடங்குகிறீர்கள். தீபாவளி முற்பணம் பிடிபடுகிற மாதங்களில் நிறுத்துவது இன்னும் மோசம், துண்டு ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும். போராட்டத் திகதியைப் பலர் தலைநகரத்துப் பேச்சுவார்த்தையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். மலையையும் சம்பள நாளையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். திம்புளைப் பக்கம் தரமான தேயிலை ஜனவரியிலிருந்து மார்ச் வரை, ஊவாவில் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. ஏப்ரல், மே மாதங்களில் அளவு கூடும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே திகதி பொருந்தாது.

பிரார்த்தனை இயக்கத்தின் நுட்பம் இங்கேதான். காலையில் வேலை இல்லை, மதியம் உண்டு. தொழிலாளிக்குச் சம்பளம் முற்றாக நிற்கவில்லை. ஆனால் ரவுண்டு ஒவ்வொன்றும் பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கோயிலில் கும்பிடுகிறவர்களைக் கலைக்கப் பொலிஸை அனுப்புவதும் இலகுவல்ல. நம்முடைய செலவு குறைவு, எதிர்ப்பக்கச் செலவு நாளுக்கு நாள் ஏறுகிறது. நீண்ட நாள் தாங்கும் வடிவம் அது.

---

ஊவாப் பக்கம்

கவ்வாத்து அண்ணன் செடிக்கு அதிக இடம் கொடுத்துவிட்டார். 1986இன் அரசியலை விட்டுவிட்டு அந்த வெற்றியை விளக்க முடியாது.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி. இருபது வருடம் கழித்தும் அந்தக் கணக்கு முடியவில்லை. 1983க்குப் பிறகு வடக்கில் போர். மலையகமும் கொதித்தால் என்ன ஆகும் என்ற பயம் கொழும்புக்கு இருந்தது. தேயிலைதான் அன்று அந்நியச் செலாவணியின் முதுகெலும்பு. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978இலிருந்து அமைச்சரவையில் இருந்தார், கதவு உள்ளே இருந்தும் தட்டப்பட்டது. மலையில் நிறுத்தம், கொழும்பில் பேச்சு, வெளியே இந்தியா. மூன்றும் ஒரே மாதத்தில் கூடின.

இதே கோரிக்கைக்கு 1952இலும் சத்தியாக்கிரகம் நடந்தது. ஏப்ரலில் தொடங்கி மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். தியாகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தோட்டங்களில் தொடர் வேலைநிறுத்தம் அதோடு சேரவில்லை, கொழுந்து தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. தேர்தலும் எதிர்ப்பக்கத்துக்கே சாதகம், வாக்காளர் பட்டியலிலிருந்து நம்மவர்களை நீக்கியிருந்தார்களே. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றது. 1948, 1949 குடியுரிமை, வாக்குரிமைச் சட்டங்களுக்குப் பிறகு பயமுறுத்த வாக்கு இல்லை.

அதற்கு முன்னால் நடந்த ஒன்று இன்னும் கசப்பானது. 1949ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்க இரண்டு வருடம்தான் அவகாசம், 1951 ஓகஸ்ட் 5 கடைசி. காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்தது. பிறகு முடிவை மாற்றி, கடைசி மாதங்களில் அவசரமாக விண்ணப்பங்களை நிரப்பினார்கள். 8,24,430 பேருக்காக 2,37,034 விண்ணப்பங்கள். குடியுரிமை கிடைத்தது 1,34,188 பேருக்கு. நிராகரிப்புக்கு முதற்காரணம் சட்டத்தின் கொடுமை, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பிறப்புச் சான்று, வசித்த காலத்துக்கான செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவேடு) பிரதி, பெயர் எழுத்து ஒத்துப்போவது இவற்றையெல்லாம் தேடி ஒழுங்கு செய்ய இருந்த நேரத்தில் பெரும்பகுதி பகிஷ்கரிப்பில் போனது. காலக்கெடு உள்ள ஒன்றைப் பகிஷ்கரிக்கிறவர்கள் மற்றக் கையால் காகிதத்தையும் தயாரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

---

லயத்துப் பையன்

எனக்கு ஒரு கேள்வி. 3.5 வீதம் மக்கள் வீதிக்கு வந்தால் எந்த அரசும் விழும் என்று சொல்கிறார்களே? 2022இல் அதுதானே நடந்தது? அப்படியென்றால் மலையகமும் எண்ணிக்கையைக் கூட்டினால் போதாதா?

---

மாத்தளை வழி

தம்பி, அது அமெரிக்க ஆய்வாளர் எரிக்கா செனோவெத்தின் ஆய்விலிருந்து வருகிறது. அவரும் மரியா ஸ்டீபனும் 1900–2006 காலத்து 323 இயக்கங்களைப் பார்த்தார்கள். வன்முறையற்றவை 53 வீதம் வென்றன, ஆயுதம் எடுத்தவை 26 வீதம். அந்த 3.5 பழைய இயக்கங்களில் கண்ட ஒரு போக்கு. எட்டினால் வெற்றி உறுதி என்ற விதி அல்ல. பஹ்ரேனில் 2011இல் அதைவிட அதிக வீதம் மக்கள் வந்தும் தோற்றார்கள். அதோடு அந்த ஆய்வு ஆட்சியை மாற்றுவது பற்றியது, கூலி பற்றியது அல்ல.

2022ஐப் பார். கோரிக்கை ஒன்றே ஒன்று, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச விலக வேண்டும் என்பது, எல்லோருக்கும் விளங்கியது. மார்ச் 31 மிரிஹான, ஏப்ரல் 9 காலிமுகத்திடல், ஏப்ரல் 28 பொது வேலைநிறுத்தம், மே 6 ஹர்த்தால், ஜூலை 9. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நம்மவர்களும் வீதிக்கு வந்தார்கள். ஜூலை 14 அவர் ராஜினாமா. ஜூலை 20 பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு, 134 வாக்குகள் பெற்று ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதி. ஜூலை 22 அதிகாலையில் கூடாரங்களைப் பிரித்து எறிந்தார்கள். ஒரு ஆளை அகற்றும் கோரிக்கை நிறைவேறிய நிமிடத்தில் கூட்டத்தை ஒட்டிவைத்த பசையும் தீர்ந்துபோனது. அடுத்த படியை யார் முடிவு செய்வது என்பதற்கு அமைப்பு இல்லை, அரசியலமைப்புப்படி அது பாராளுமன்றத்தின் கைக்குப் போனது. தோட்டக் கூலி, வீட்டுக் காணி போன்ற நம் கோரிக்கைகள் அந்த ஒரு வரிக்குள் இடம்பிடிக்கவே இல்லை.

பரவுவது பற்றியும் ஒரு சொல். எண்ணிக்கை தானாகக் கூடாது, மக்கள் கூடுவதற்கு ஒரு நாள்காட்டி வேண்டும். ஈரானில் 1978 ஜனவரியில் கும் நகரத்தில் சுட்டார்கள். 40ஆம் நாள் துக்கத்துக்கு தப்ரீஸில் கூடினார்கள், அங்கேயும் சுட்டார்கள், அடுத்த 40ஆம் நாள் வேறு ஊர்கள். யாரும் சுற்றறிக்கை அனுப்பத் தேவை இருக்கவில்லை, அடுத்த கூட்டம் எப்போது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியும் மன்னர் ஷாவை முறித்தது ஒக்டோபருக்குப் பிறகு எண்ணெய்த் தொழிலாளர் நிறுத்தம்தான். கூட்டம் பரவியது நாள்காட்டியால், ஆட்சி முறிந்தது எண்ணெயால்.

நமக்கும் அந்த இரண்டும் இருக்கின்றன. காலைப் பிரட்டு (வேலைக்கு முன் பேர் கொடுக்கும் கூட்டம்) என்பது ஒவ்வொரு நாளும் கூடும் கூட்டம்தான். அதை மேலே கேட்டதைக் கீழே சொல்லும் இடமாக மட்டும் வைத்திருக்கிறோம். முன்னோடித் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் காலத்தில் சங்கக்காரர் தோட்டத்துக்குள் கால் வைக்கவே தடை. அப்போதும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளின் பாட்டுகள் அச்சாகி லயம் லயமாக (தொழிலாளர் வரிசை வீடுகள்தோறும்) போயின.

---

செக்ரோல்

தம்பிக்கு இன்னொரு விஷயம். 1986இன் பலத்தை அப்படியே இன்றைக்கு எடுத்து வைக்க முடியாது. நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் இப்போது சிறு தோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது, பெரும்பாலும் தென்பகுதியிலும் சப்ரகமுவையிலும். பெருந்தோட்டம் முழுவதும் நின்றாலும் ஏற்றுமதி முற்றாக நிற்காது. ஆகவே அரசாங்கத்தின் மேல் பிடி தளர்ந்துவிட்டது. குறிப்பிட்ட கம்பனியின் மேல் பிடி அப்படியே இருக்கிறது, உயர்நிலத் தேயிலைக்கு ஏலத்தில் கிடைக்கும் விலை அந்தந்தத் தோட்டத்து மார்க்கை (விற்பனைப் பெயரை) பொறுத்தது. நாடு தழுவிய ஒரு நாள் நிறுத்தத்தைவிட, ஒரே கம்பனியின் எல்லாத் தோட்டங்களிலும் இரண்டு ரவுண்டு நிறுத்துவது கூடுதல் வலி.

2024 நல்ல சாட்சி. தேர்தல் வருடத்தில் 1,700 என்று வர்த்தமானி வந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை. செப்டெம்பரில் 1,350. அரசாங்கத்தை அழுத்தினோம், அரசாங்கம் அறிவித்தது. சம்பளம் கொடுக்க வேண்டிய கம்பனியின் மேல் தோட்டத்தில் அழுத்தமே இருக்கவில்லை.

---

மஸ்கெலியா மழை

இவ்வளவு பேசியும் கேரளத்து மூணாறைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. அதே தேயிலை, நம்மைப் போன்ற தமிழ்ப் பெண்கள். 2015 செப்டெம்பரில் போனஸை 20 வீதத்திலிருந்து 10 ஆக்கினார்கள். பெண்கள் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு ஊருக்குள் வரும் வீதியை மறித்தார்கள். ஒன்பது நாள். போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67, சேர்ந்து 20 வீதமாகத் திரும்ப வந்தது. அடுத்த மாதம் நாள்கூலி 232இலிருந்து 301. கேட்டது 500.

வென்றதற்குக் காரணங்கள்: சுற்றுலா நகரமே நின்றது, கொழுந்தும் நின்றது. பேச்சுக்குப் போனவர்கள் கொழுந்து எடுக்கிறவர்கள், திரும்பி வந்து அதே கூட்டத்தில் உட்கார வேண்டியவர்கள். அவர்களால் குறைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் போக முடியாது.

பிறகு அந்தப் பெண்கள் கட்டிய அமைப்பு உடைந்தது. கட்சிகள் ஆளை இழுத்தன, தலைமைக்குள் சண்டை. சந்தா எப்படி, கணக்கு யாரிடம், ஒவ்வொரு டிவிஷனுக்கும் (தோட்டப் பிரிவுக்கும்) யார் என்று முடிவு செய்வதற்கு முன்பே தேர்தலில் இறங்கினார்கள். வேகமாக எழுகிற இயக்கத்துக்கு இதுதான் ஆபத்து. போராட்டம் முடிந்த முதல் இரண்டு மாதத்தில் இந்த மூன்றையும் எழுத்தில் வைக்காவிட்டால் பிறகு வைக்க முடியாது.

நம் பக்கத்தில் நோய் நேர்மாறானது. அமைப்பு உண்டு, சந்தா உண்டு. ஆனால் சந்தாவைச் சம்பளத்திலிருந்து பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புவது கம்பனி. கையால் கொடுக்கும் காசுக்குக் கேள்வி கேட்போம், துண்டில் பிடிபடும் காசுக்கு எப்போது கேட்டோம்? கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், கையெழுத்து மேசையில் அவர்கள் எங்கே? 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி கிடைத்தது. அது மிகப் பெரிய வெற்றி, அதன் பின்னாலும் மாதர் தலைவி என்ற பதவிக்கு மேலே அவர்களை ஏறவிடவில்லை.

---

மாத்தளை வழி

மழை அக்கா சொன்ன பேச்சுவார்த்தை மேசை விஷயத்தில் போலந்தின் 1980 அனுபவம் மிகவும் பெறுமதியானது. க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் அரசாங்கத்தோடு நடந்த பேச்சை ஒலிபெருக்கியில் தளம் முழுக்கக் கேட்கவைத்தார்கள். நிறுத்தத்தின் மூன்றாம் நாள் தளத்துக்கு மட்டும் சம்பள உயர்வு தருகிறோம் என்றது நிர்வாகம். பலர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சின்னத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவர்கள் "நீங்கள் போனால் எங்களை நசுக்கிவிடுவார்கள்" என்று தடுத்தார்கள். நிறுத்தம் தொடர்ந்தது, 21 கோரிக்கை, அதில் முதலாவது சுயாதீனச் சங்கம். ஓகஸ்ட் 31 உடன்பாடு.

தோட்டத்துக்கு அதன் பொருத்தம்: பேச்சு கொழும்பில் மூடிய அறையில் நடந்தால், ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு என்ன கேட்டோம், என்ன சொன்னார்கள், எதில் நிற்கிறது என்று மூன்று வரி எல்லா டிவிஷனுக்கும் வர வேண்டும். வராத நாளில் வதந்தி வரும். "அந்தத் தோட்டம் வேலைக்குப் போய்விட்டது" என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தி பத்து நாள் நிறுத்தத்தை ஒரே காலையில் முடித்துவிடும். அதற்கு ஒவ்வொரு தோட்டத்திலும் பெயர் தெரிந்த இரண்டு பேர், அவர்கள் குரல் பதிவில் சொன்னால் மட்டும் செய்தி என்று முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும்.

---

ஊவாப் பக்கம்

போலந்தில் 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்து அந்த வெற்றியையும் பறித்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிழைத்தது தொழிற்சாலை மட்டத்தில் இருந்த ஆட்களால்.

---

கவ்வாத்து

சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. நிறுத்தங்கள் பெரும்பாலும் உடைவது அங்கேதான்.

ஐந்து பேர் குடும்பத்துக்கு அரிசியும் கோதுமை மாவும் சேர்த்து நாளுக்கு ஒன்றேகால் கிலோ என்று வையுங்கள். 200 குடும்பம், 15 நாள்: 3,750 கிலோ. பருப்பு குடும்பத்துக்கு நாளுக்கு 200 கிராம் என்றால் 600 கிலோ. பால்மா, மருந்து, பள்ளிக்கூட பஸ் காசு தனி. இது பயமுறுத்தும் தொகை அல்ல, ஆனால் நிறுத்தம் தொடங்கிய பிறகு சேர்க்க முடியாது. ஆறு மாதம் முன்பே குடும்பத்துக்கு மாதம் மூன்று கிலோவுக்கான காசு சேர்த்தால் 3,600 கிலோவுக்கு வந்துவிடும். டவுன் கடைக்காரர்களோடு கடன் எல்லையை முன்பே பேசி வைப்பதும் இதில் அடங்கும். அவர்களுடைய வியாபாரமும் தோட்டச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

அமெரிக்காவில் மொன்ட்கமரி பஸ் பகிஷ்கரிப்பு 381 நாள் தாக்குப்பிடித்தது பேச்சால் மட்டும் அல்ல. சுமார் 300 வாகனங்கள், ஏறும் இடம் இறங்கும் இடம் குறித்த பட்டியல், நேர அட்டவணை. வாகனக் காப்புறுதியை இரத்துச் செய்து முறிக்கப் பார்த்தார்கள், லண்டன் லொய்ட்ஸ் வழியாக வேறு காப்புறுதி எடுத்தார்கள். அந்த அளவுக்கு உள்ளே போய் யோசித்தவர்கள் அவர்கள்.

---

டிம்புள்ளக்காரி

எல்லோருக்கும் நன்றி. செக்ரோல் தம்பி, மூன்று குழாயையும் பூட்டுவது என்றால் கோரிக்கையை எப்படி எழுதுவது? அந்த வரிகளைத் தர முடியுமா?

---

செக்ரோல்

என் மனதில் இருப்பது இது. "நாள்கூலி இவ்வளவு. மாதம் குறைந்தது 25 நாள் வேலை தரப்படும், தராத நாளுக்கும் கூலி உண்டு. கிலோ அளவு ஒவ்வொரு மலைக்கும், ஒவ்வொரு மாதமும், தோட்டக் கமிட்டியும் நிர்வாகமும் சேர்ந்து கையெழுத்திட்டுப் பிரட்டுக்களத்தில் ஒட்டப்படும். ஒட்டாத மாதம் முந்திய மாத அளவே செல்லும். கவ்வாத்துக்கு (செடியைக் கத்தரித்ததற்கு) பிந்திய மலைக்கும் வரட்சி மாதத்துக்கும் தனி அளவு." ஐந்து வாக்கியமும் ஒன்றாகப் போக வேண்டும். முதல் வாக்கியத்தை மட்டும் ஏற்கிறோம் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும்.

ஒப்பந்தம் வரும் வரைக்கும் சாட்சி சேர்க்கலாம். சம்பள நிர்ணய சபை கூலியை நாளுக்குத்தான் விதிக்கிறது. முழு நாள் வேலை செய்தவருக்குக் கிலோ குறைந்தது என்று அரைப்பேர் போட்டால் தொழில் அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிடலாம். தனி ஆள் எழுதினால் கோப்பில் தூங்கும். ஒரே டிவிஷனில் முப்பது பேர், மூன்று மாதத் துண்டுகளின் பிரதியோடு, ஒரே நாளில் கொடுத்தால் அலுவலர் தோட்டத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. ஒவ்வொருவரும் ஒரு சின்னக் கொப்பியில் எழுத வேண்டியது: திகதி, மலையின் நம்பர், பிரட்டு நேரம், ஒவ்வொரு நிறுவையிலும் எத்தனை கிலோ, தண்ணீருக்கும் கூடைக்கும் கழித்தது எவ்வளவு, போட்டது முழுப்பேரா அரைப்பேரா.

---

மஸ்கெலியா மழை

அந்தக் கொப்பியில் மழைக்கும் ஒரு நிரல் வேண்டும், தம்பி. பிரட்டில் பேர் கொடுத்த பிறகு மழை என்று பத்து மணிக்கு அனுப்பிய நாளில் அனுப்பிய நேரத்தையும் அனுப்பிய ஆளின் பதவியையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் அந்த நாட்கள்தான் அதிகம்.